வாசற் கோலமும் வண்ண ஓடும்

கலை என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் உள்ளத்தில் எழுவன யாவை? கண்ணாடிப் பேழைக்குள் அடைபட்ட செப்புத் திருமேனி, நுழைவுச் சீட்டுப் பெற்றுச் சென்று காணும் ஓவியக்கூடம், செல்வர் மனையின் உட்சுவரில் தொங்கும் சித்திரம் ஆகியவையே. ஆயினும், பண்டைத் தமிழர் காலத்தில் கலையின் உறைவிடம் இஃதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையைப் பயின்றோர் இதனை நன்கறிவர். மணிமேகலை மலர் கொய்யச் செல்லும் வழியிலே, சுட்ட மண்ணால் எழுந்த உயர்ந்த மாளிகைகளின் சுதைச் சுவர்களில், தேவர் முதலாக எல்லா உயிர்களின் வடிவங்களையும் கைவல்லோர் தீட்டியிருந்தனர் என்றும், தெருவிற் செல்வோர் நின்று அவற்றைக் கண்டனர் என்றும் சாத்தனார் கூறுகின்றார். பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலோ, திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் எழுதப்பெற்ற ஓவியங்களைக் கண்டோர் இவை எவை என வினவ, அறிந்தோர் சுட்டிக்காட்டி விளக்கிய செய்தியைத் தருகின்றது. வழிப்போக்கர் நின்று காண்பதும், கண்டு வினவுவதும், வினவியவர்க்கு மற்றொருவர் விளக்குவதுமே அக்காலத்துக் கலைப்பயிற்சி. அதற்குச் சீட்டும் இல்லை; காவலும் இல்லை.

இவ்வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது. தெருவில் எஞ்சிய கலை ஒன்றே ஒன்று. அது நம் தாய்மார் வைகறையில் எழுந்து, சாணநீர் தெளித்து, அரிசி மாவால் இடும் வாசற் கோலம். நாள்தோறும் பிறந்து நாள்தோறும் அழிவதால், அதனைக் கலையென எண்ணுவாரும் அரியராயினர்.

இந்நாளில் ஒரு புதிய கூட்டத்தார் தோன்றியுள்ளனர். மரபிலிருந்து உருவை எடுத்துக்கொண்டு, அதனைத் தெருவிற்கும் கணினித் திரைக்கும் கொண்டுசெல்லும் கலைஞர் அவர். இவர்களைப் போற்றுவாரும் உளர். மரபைக் கெடுத்தார் என்று தூற்றுவாரும் உளர். இரண்டும் மிகை என்பது எம் கருத்து. எதனைப் போற்றுவது, எதனை விலக்குவது என்று பிரித்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். சிறியேம் கூறுவதில் பிழையிருப்பின் பெரியோர் பொறுப்பார்களாக.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் வாழும் சாந்தி சந்திரசேகர் என்னும் ஓவியர் தமிழ்நாட்டினின்றும் சென்றவர். கோலமும் தஞ்சாவூர் ஓவியமும் பயின்ற கையினர். அறிவியற் கருத்துகளைத் தம் ஓவியங்களிற் கொணர்பவர். சென்னையில் பிறந்த அன்னையின் மகளாகிய கமலா ஹாரிஸ், 2021-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்கவிருந்த காலை, அவ்விழாவைக் கோலமிட்டு வரவேற்க வேண்டும் என்று அங்குள்ளார் சிலர் விழைந்தனர். இவ்வோவியரும் அம்முயற்சியில் முன்னின்றார். பெருந்தொற்றுக் காலமாதலின் மக்கள் ஓரிடத்திற் கூடல் இயலாது. ஆகவே, ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் தட்டையான துண்டுகளில் கோலம் எழுதுவது, அவற்றை ஒருங்குசேர்த்து வாசிங்டன் நகர வீதியில் பரப்புவது என்று முடிவு செய்தனர். அமெரிக்காவிலும் இந்தியாவிலுமாக 1,800-க்கு மேற்பட்டோர் இதில் பங்குகொண்டனர் என்று அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. ஆனால், சனவரி 6-ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது. காவல் மிகுந்தது, வீதி அடைபட்டது. கோலமிட இடமில்லை. அப்பொழுது அவர்கள் அக்கோலங்கள் அனைத்தையும் படம்பிடித்து ஒரே ஒளிப்படச் சுருளாக இணைத்தனர். விழாவிற்கு முன்னர் இணையவழி நிகழ்ந்த வரவேற்பு நிகழ்ச்சியில் அஃது உலகிற்குக் காட்டப்பெற்றது.

இந்நிகழ்ச்சியில் யாம் வியப்பது கோலம் கடல் கடந்ததையன்று. தமிழர் சென்ற இடமெல்லாம் கோலமும் சென்றுள்ளது. அதில் புதுமை யாதுமில்லை. வீதி மூடப்பட்டபோது திரை வீதியாயிற்று என்பதே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கோலத்தை எழுதியது இயந்திரமன்று. ஆயிரத்தெண்ணூறு பேரின் விரல்கள் எழுதின. இயந்திரம் அவற்றை ஒன்றுகூட்டியது. அங்கே தலைமைக் கலைஞரின் தொழில் தாமே எல்லாவற்றையும் தீட்டுதலன்று. பிறர் தீட்டுதற்கு வழிவகுத்தல். தம் பெயரை மட்டும் நிறுத்திப் பிறர் பெயரை மறைப்பது கலைஞர்க்குப் பழகிப்போன குற்றம். அக்குற்றம் இங்கே நிகழவில்லை.

இனி, கோலத்தையும் கணினியையும் இணைத்தல் நேற்றுப் பிறந்த நாகரிகம் என்று நினைப்பார்க்கு ஒன்று கூறுவோம். அது நம்மைப் போன்ற ஒரு மிஷன் கல்லூரியில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியற் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி (1932–1988), தம் துணைவியாரும் கணித அறிஞருமாகிய இராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலத்தின் இலக்கணத்தைப்பற்றி 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரு மொழியின் சொற்றொடர்கள் சில விதிகளால் பிறப்பன போலக் கோலங்களும் சில விதிகளாற் பிறப்பன. அவ்விதிகளைக் கணினிக்கு ஊட்டினால் அதுவும் கோலம் எழுதும் என்பது அவ்வாராய்ச்சியின் சாரம். கோலமிடும் பெண்டிர் முழு வடிவத்தையும் மனத்தில் சுமப்பதில்லை. நேரே செல்லுதல், வளைதல், சுற்றித் திரும்புதல் என்னும் அசைவுகளாகவே அதனை நினைவிற் கொள்கின்றனர் என்பதனையும் அவர் கண்டு கூறினார்.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் நன்னூலும் தொல்காப்பியமும் பயிலும் எமக்கு இச்செய்தி பெருவியப்பைத் தந்தது. எழுத்தறியாத பாட்டியர் வாயிலில் குனிந்து நின்று நாள்தோறும் ஓர் இலக்கணத்தைக் கையாண்டனர். அதற்கு நூற்பா எழுதுவார் இல்லாமையால் அஃது இலக்கணம் என்பதே மறைந்திருந்தது. கற்றோர் ஒருவர் தம் கலங்கரை விளக்கத்தை விட்டிறங்கி, வாசற்படியில் அமர்ந்து, அவர்களைக் கேட்டறிந்த பின்னரே உலகம் அதனை உணர்ந்தது. ஆகவே, மரபைப் புதுமையோடு கலக்க விழைவார்க்கு நாம் வைக்கும் முதல் வினா இதுவாகும்: எடுத்துக்கொண்ட மரபின் இலக்கணத்தை நீர் கற்றீரா, அன்றி அதன் தோற்றத்தை மட்டும் பெயர்த்தீரா?

இவ்வினாவிற்கு விடை கூற இயலாத ஒரு பொருள் நம் கடைத்தெருக்களில் மலிந்து கிடக்கின்றது. ஒட்டுக் கோலம் என்று அதனை விற்கின்றனர். ஒருமுறை தரையில் ஒட்டிவிட்டால், பிறகு குனியவும் வேண்டா, எண்ணவும் வேண்டா. அதிலும் மரபு உண்டு, பொறியும் உண்டு, அது வாயிலிலும் கிடக்கின்றது. ஆயினும் அஃது எவருடைய கையையும் வளர்ப்பதன்று. வேலைக்குச் செல்லும் பெண்டிர்க்கு நேரமில்லாமையால் அதனை வாங்குகின்றனர், அவர்களைக் குறைகூறோம். அதனைக் கலை வளர்ச்சி என்று கூறுவாரையே மறுக்கின்றோம்.

அடுத்து, தெருவைப்பற்றிச் சில கூறுவோம். சென்னைத் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர், இந்நாட்டின் மிகப் பெரிய மறுகுடியமர்த்தப் பகுதிகளுள் ஒன்று. நகரின் ஆற்றங்கரைகளினின்றும் சாலையோரங்களினின்றும் அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதலாக அங்கே குடியேற்றப்பட்டன. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்னும் அறக்கட்டளையினர், மாநகராட்சியின் துணையோடு அக்குடியிருப்பின் நெடுஞ்சுவர்களில் பெருஞ்சித்திரங்கள் தீட்டுவித்தனர். ஏ-கில் என்னும் புனைபெயர் பூண்ட சென்னை ஓவியர், சிரிக்கும் இரு குழந்தைகளின் முகத்தைப் பல மாடி உயரத்திற்கு எழுதினார். திரைப்பட நடிகரும் கட்சித் தலைவரும் அன்றி வேறெவர் முகத்தையும் அவ்வளவு பெரிதாக நாம் சுவரிற் கண்டதில்லை. ஏழைக் குழந்தையின் முகமும் அவ்வளவு பெரிதாதற்குத் தக்கது என்று அச்சுவர் கூறுகின்றது. இது நன்றேயாம்.

ஆனால், இங்கே ஓர் ஐயத்தை மறைத்தல் நேர்மையாகாது. சுவர் அழகுற்றால் குடிநீர் வருமோ? முகவரியைக் கேட்டமாத்திரத்தில் வேலை தர மறுப்பார் மனம் மாறுமோ? வண்ணம் பூசுதல் வறுமையை மூடும் திரையாகிவிடாதோ? இவ்வையம் நியாயமானதே. எனினும், எம் விடை இது: சித்திரம் குடிநீருக்கு ஈடாகாது, ஆனால், குடிநீர் வரும்வரை சித்திரம் காத்திருத்தல் வேண்டும் என்பதும் அறமன்று. ஏழை உண்ணட்டும், பிறகு பாடட்டும் என்று கூறுவார், அவர் எக்காலத்தும் பாட ஒட்டார். ஆகவே, நாம் வைக்கும் இரண்டாம் வினா: இச்சித்திரம் அவ்விடத்து மக்களின் விருப்பத்தோடு, அவர்தம் வாழ்வினின்றும் எழுந்ததா, அன்றி வெளியார் கண்ணுக்கு விருந்தாக வைக்கப்பட்டதா?

தெருவிற் கலை இடுவது வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், சென்னைப் பெசன்ட் நகரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்க்கும் சொற்களைக் கோலமாக இட்ட சிலரைக் காவலர் பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தனர். அச்சட்டத்தின் நன்மை தீமை இங்கே நமக்குப் பொருளன்று. மாவுப்பொடி கொண்டு எழுதியதும் பொருட்படுத்தத்தக்க பேச்சேயாகும் என்பதனை அன்று இரு திறத்தாரும் ஒப்புக்கொண்டனர் என்பதனை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இனி எம் ஊருக்கு வருவோம். விருத்தாசலம் என்னும் திருமுதுகுன்றம் மணிமுத்தாற்றின் கரையது. செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்த பழமலைநாதர் கோயிலின் கோபுரவாயிலில் நாட்டியக் கரணச் சிற்பங்களை இன்றும் காணலாம். அவை கருவறைக்குள் ஒளிந்திருப்பன அல்ல. நுழைவார் எல்லார் கண்ணுக்கும் உரியன. கிறித்தவக் குடியிற் பிறந்த யாம் இளமையில் அவ்வாயிலில் நின்றே அவற்றைக் கண்டு வியந்தோம். எவரும் எம்மைத் தடுத்தாரல்லர்.

இக்காலத்தில் எம் ஊருக்குப் புகழ் தருவது பீங்கான் தொழில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழுமிடத்துக் கிடைக்கும் வெண்களிமண் இத்தொழிலுக்கு அடிப்படையாயிற்று. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் இங்குள்ளன. தமிழகத்து வீடுகளின் மின்பெட்டிகளில் இருக்கும் வெண்ணிறப் பியூஸ் கேரியர்களும், கார்த்திகைக்கு ஏற்றும் பீங்கான் அகல்களும், நவராத்திரிக் கொலுவிற்குரிய பொம்மைகளும் எம் ஊர்ச் சூளைகளில் வெந்தவை. களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் அதன் உட்புறத்தில் தோலாகப் படியும். பிறகு எஞ்சிய கூழை வடித்து, அச்சைப் பிரித்து, தையல்வாயைச் செதுக்கி, நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குவர். சூளையின் வெப்பத்தில் பிழை பொறுக்கப்படுவதில்லை. ஈரம் சிறிது எஞ்சினும் பொம்மை வெடிக்கும், அருகிலுள்ளவற்றையும் கெடுக்கும்.

எம் அன்னையார் இத்தொழிலில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். கண் எழுதுதல் அவர் பங்கு. அது கடைசியாகச் செய்யப்படுவது. அதில் பிழை நேரின் முன் செய்தவர் உழைப்பெல்லாம் வீண். ஆடி, ஆவணி மாதங்களில் கண்ணனுக்கும் மீனாட்சியம்மைக்கும் கண் எழுதும் அதே தூரிகை, ஐப்பசி கழிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்குரிய குழந்தை இயேசுவிற்கும் மேய்ப்பருக்கும் கண் எழுதும். கூலி பொம்மைக்கு இவ்வளவு என்பதே. கண்ணன் என்றும் கிறிஸ்து என்றும் அதில் வேற்றுமை இல்லை. கிறித்தவர் வாயிலிற் கோலமிடலாமோ என்று எம் பாட்டியார் காலத்தில் சபையார் சிலர் தடை கூறியதுண்டாம். வருவாரை வரவேற்கும் செயலில் விலக்கத்தக்கது யாது என்று அவர் வினவினாராம். அன்று முதல் எம் இல்லத்து வாயிலில், ஞாயிறு தவறாமல், புள்ளிக்கோலம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுதல் வேண்டும். எம் அன்னையார் தாமே எண்ணி, குடத்தோடு நிற்கும் ஒரு கிராமப் பெண்ணின் உருவம் அமைத்தார். சேலையின் கரையில் சிக்குக்கோலம் ஓடும். வெளியூரினின்று வந்த வணிகர் ஒருவர் அதனைப் பலமுறை பாராட்டி, கைப்பேசியிற் படம் எடுத்துச் சென்றார். மறு ஆண்டு அதே உருவம், அதே கோலக்கரையுடன், வேற்றூரில் அச்சிட்ட மலிவுப் பொம்மையாக எம் ஊர்க் கடைக்கே விற்பனைக்கு வந்தது. அன்னையார்க்கு ஒரு காசும் இல்லை. ஒரு சொல்லும் இல்லை. யாம் வெகுண்டோம். அவரோ, “அவர் அச்சைத்தானே கொண்டுபோனார், கையைக் கொண்டுபோகவில்லையே” என்று கூறி, அடுத்த பொம்மையை எடுத்துக்கொண்டார். அச்சொல்லில் உள்ள பெருமையை யாம் மதிக்கின்றோம். ஆனால், அதனை நீதியென்று ஏற்கோம். கணினியும் கைப்பேசியும் வந்த பிறகு உருவைக் கவர்தல் நொடிப்பொழுது வேலையாயிற்று. ஆகவே, நம் மூன்றாம் வினா எல்லாவற்றினும் முதன்மையானது: உருவாக்கிய கைக்குப் பெயரும் கூலியும் சென்றனவா?

இலக்கணம் அறிதல், இடத்து மக்களோடு இசைதல், கைக்குரிய பெயரையும் கூலியையும் தருதல் என்னும் இம்மூன்றுமே எம் அளவுகோல். இவற்றாற் பார்க்குமிடத்து, வாசிங்டன் கோலம் தேறுகின்றது. ஒட்டுக் கோலம் தேறவில்லை. எம் ஊரில் அண்மையில் ஒரு மதிலை அழகுபடுத்துவதாகக் கூறிப் பனிமலையும் ஊசியிலை மரமும் தீட்டினர், அதுவும் தேறவில்லை. முந்திரித் தோப்பு சூழ்ந்த ஊரில், சித்திரை வெயிலில், பனிமலையைப் பார்த்துக்கொண்டு பேருந்திற்குக் காத்திருக்கும் மக்களை நினைத்தால் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. இரண்டு மழைக்காலத்தில் அம்மலையும் உரிந்து விழுந்தது.

குறைகூறுதல் எளிது, வழிகூறுதல் வேண்டும். ஆதலின் எம் கருத்தொன்றை நம் கல்லூரியார் முன் வைக்கின்றோம். பிரான்சு நாட்டில் இன்வேடர் என்னும் புனைபெயரால் மறைந்து வாழும் கலைஞர் ஒருவர் உளர். 1978-இல் சப்பானில் தோன்றிய ஒரு கணினி விளையாட்டின் உருவங்களைச் சிறு சிறு சதுர ஓடுகளால் அமைத்து, 1998 முதல் பாரிசு நகரச் சுவர்களில் ஒட்டத் தொடங்கினார். 2008-இல் நம் காசி நகரத்துச் சுவர்களிலும் அவை ஒட்டப்பட்டன. கணினித் திரையின் உருவம் நுண்ணிய சதுரப் புள்ளிகளால் ஆவது. ஆகவே, ஓடு ஒன்றிற்குப் புள்ளி ஒன்று எனக் கொண்டு திரையைச் சுவராக்கினார். அவர் இசைவு பெறாமல் ஒட்டும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. ஆயினும், புள்ளியையும் ஓட்டையும் இணைத்த கருத்து நமக்கு உரியதாதல் வேண்டும். ஏனெனில், புள்ளிக்கோலமும் நம்முடையது. ஓடு சுடும் சூளையும் நம்முடையது.

கணித வகுப்பு நண்பர் ஒருவருடன் அமர்ந்து இதனை எண்ணிப் பார்த்தோம். புள்ளிகளைச் சுற்றிக் கோடு ஓடும் சிக்குக்கோலத்தில், ஒவ்வொரு புள்ளியையும் நடுவே கொண்ட ஒரு சதுரத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அச்சதுரத்தின் நான்கு பக்கங்களில் ஒவ்வொன்றிலும், கோடு அடுத்த சதுரத்திற்குக் கடந்து செல்லும். அன்றேல் உள்ளேயே வளைந்து திரும்பும். ஆகவே, ஒரு புள்ளியின் நிலை பதினாறு வகைப்படும். ஓட்டைத் திருப்பி வைக்கலாம் ஆதலின், திருப்பினால் ஒன்றாவனவற்றை நீக்கின், எஞ்சுவன ஆறே: நான்கு பக்கமும் மூடியது, ஒரு பக்கம் திறந்தது, அடுத்தடுத்த இரு பக்கம் திறந்தது, எதிரெதிர் இரு பக்கம் திறந்தது, மூன்று பக்கம் திறந்தது, நான்கும் திறந்தது. ஆறு அச்சுகள் இருந்தால், இவ்வகைக் கோலம் எத்துணைப் பெரிதாயினும் ஓடுகளால் அமைத்துவிடலாம். ஆறு அச்சு என்பது எம் ஊரின் மிகச் சிறிய தொழிற்கூடத்திற்கும் அரிய செயலன்று.

பள்ளிச் சிறுவர் தாம் விரும்பும் கோலத்தைக் கைப்பேசியில் அமைக்கட்டும். எந்த ஓடு எத்தனை வேண்டும் என்று கணினி எண்ணிச் சொல்லட்டும். சூளையார் சுட்டுத் தரட்டும். அன்னையார் போன்றோர் வண்ணம் தீட்டட்டும். நான்கு திசையினின்றும் இருப்புப்பாதைகள் வந்து கூடும் விருத்தாசலம் சந்திப்பிலோ, பேருந்து நிலையத்திலோ, உரியவர் இசைவு பெற்று ஒரு சுவரில் அதனைப் பதிக்கட்டும். சுவரின் அடியில், கோலம் அமைத்த சிறுமியின் பெயரும், அச்சுச் செய்தவர் பெயரும், சூளையில் நின்றவர் பெயரும், வண்ணம் தீட்டியவர் பெயரும் சுட்ட எழுத்திலே இருக்கட்டும். வெயிலும் மழையும் வண்ணப்பூச்சை அழிக்கும். சூளையில் உருகிப் படிந்த வண்ணத்தை எளிதில் அழிக்கமாட்டா.

இங்கே ஒரு தடை எழலாம். கோலத்தின் உயிரே அதன் நிலையாமை அன்றோ? எறும்பு தின்று, காலடி பட்டு, மாலைக்குள் மறைந்து, மறுநாள் மீண்டும் பிறப்பதை ஓட்டில் சிறைப்படுத்தல் தகுமோ? எம் தமிழாசிரியர் ஒருவர் இத்தடையை எழுப்பினார். இதற்கு விடை கூற எமக்குப் பல நாள் ஆயிற்று. சுவரின் ஓடு வாசலின் மாவுக்கு மாற்றாக வருமாயின், அவர் கூறுவது முற்றிலும் மெய். அப்பொழுது அஃது ஒட்டுக் கோலத்தின் உடன்பிறப்பேயாகும். யாம் வேண்டுவது அதுவன்று. பாட்டு வாயில் வாழ்வது. எனினும் அதனை ஏட்டில் எழுதியமையால் பாட்டு இறந்துபடவில்லை. ஏடு இல்லாதிருந்தால் சங்க நூல்களுள் ஒன்றேனும் உ. வே. சாமிநாதையர் கைக்கு எட்டியிராது. ஓடு ஏட்டைப் போல்வது. வாசல் வாயைப் போல்வது. இரண்டும் வேண்டும். சுவரைக் கண்ட சிறுமி மறுநாள் வாசலில் குனிந்தால் அச்சுவர் வென்றது, குனியாவிடின் தோற்றது. இதனையே அதன் தேர்வாகக் கொள்ளலாம்.

இம்முயற்சியால் எம் ஊர்த் தொழில் ஒருநாளில் செழித்துவிடும் என்று யாம் கூறவில்லை. பியூஸ் கேரியருக்கு மாற்றாக வேறு பொறிகள் வந்துவிட்டன. மலிவுப் பொம்மைகள் குவிகின்றன. எம்முடன் பள்ளியிற் பயின்றோர் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட்டனர். சூளையருகே நிற்க அவர்தம் பெற்றோரே விரும்பவில்லை. கூலி குறைவு என்பது ஒரு காரணம். மதிப்பில்லை என்பது மற்றொன்று. கூலியை உயர்த்துதல் நம் கையில் இல்லாதிருக்கலாம். மதிப்பைத் தருதல் நம் கையிலும் உள்ளது. கல்லூரி மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் பத்து நாள் அங்கே சென்று, அறிவுரை கூறாமல், கேட்டறிந்து, எழுதி, பெயர்களைப் பதிவு செய்தாலே அது தொடக்கமாகும். பேராசிரியர் சிரோமணி வாசற்படியில் அமர்ந்து கேட்டதை நாம் சூளையடியில் நின்று கேட்கலாகாதோ?

மாணவ நண்பர்காள்! நம்மில் தமிழ் பயில்வோர் தமிழுக்குத் தொண்டு செய்தல் என்றால் செய்யுள் இயற்றுதலும் மேடையிற் பேசுதலும் என்றே எண்ணியிருக்கின்றோம். கணிதமும் அறிவியலும் பயில்வோர் மரபு தமக்கு வேண்டாத பொருள் என்று எண்ணியிருக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் ஒருங்கே குனிந்து காணத்தக்க பொருள் ஒன்று நம் வாயிலில் நாள்தோறும் எழுதப்பெற்று, நாள்தோறும் நம் காலால் அழிகின்றது. சாந்தி சந்திரசேகரும் அவர்தம் தோழரும் பிறநாட்டில் அதன் மதிப்பை உணர்த்தினர். நம் நாட்டில் அதனை உணர்த்தும் கடமை நம்முடையது. பழைய புகாரின் தெருவில் நின்று சித்திரம் கண்டோரைப் போல, விருத்தாசலத்தின் தெருவிலும் வழிச்செல்வோர் ஒரு கணம் நின்று, இஃது எவர் கைவேலை என்று வினவுவாராக. அதற்கு விடை சுவரிலேயே எழுதப்பட்டிருப்பதாக. அவ்விடையில் எம் அன்னையார் போன்றோர் பெயரும் இருத்தல் வேண்டும் என்பதே எம் வேட்கை.